எதுவும் நடக்காத இடம்

மேலூர் தாண்டி பத்தொன்பது கிலோமீட்டர்.
கரட்டேந்தலில் ஜீப் நின்றபோது
என் மடியில் ஒரு படிவம்:
நாற்பத்தோரு கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று
நான் எழுத வேண்டும்.

நிலம் நடுங்குமா?
பியூலா செருப்பைக் கழற்றிப் பாறைமேல் நின்றாள்.
சுட்டது. உடனே மாட்டிக்கொண்டாள்.
'இந்தக் கல்லு ஆடுற வயசையெல்லாம்
எப்பவோ தாண்டிருச்சு.'
ஒன்பது போட்டேன்.

புயல்?
கடலிலிருந்து இவ்வளவு தூரம் வருவதற்குள்
அதற்கு மூச்சு வாங்கும். ஒன்பது.

வெள்ளம்?
ஏந்தலின் மடைவாயில் ஓர் ஓணான் தலையாட்டியது.
பத்து.

கலவரம்?
போன மாசியில் மஞ்சுவிரட்டு,
பதினாலு பேருக்குக் காயம்.
மாடு கணக்கில் வருமா என்று போனில் கேட்டேன்.
வராது என்றது பெங்களூர்.

பக்கத்து ஊர்தான் எனக்கு.
பிளஸ் டூ முடித்ததும் என் வகுப்பே பஸ் ஏறியது.
'இங்க இருந்து என்ன நடக்கப்போகுது?'
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான்
ஏசி ஜீப்பில் உட்கார்ந்து
மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

துணைமின்நிலையத்தில் காதர் மைதீன்
மின்தடைப் பதிவேட்டை விரித்தார்.
ஏப்ரல் ஏழு: காற்று, நாற்பது நிமிடம்.
மே பதினொன்று: மயில், இரண்டு மணி நேரம்.
ஜூன் மூன்று: மயில்.
'எவ்வளவு வேணுமாம்?'
'நூறு மெகாவாட்.'
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
எழுத்தில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல்.
படிவத்தில் மயிலுக்குக் கட்டம் இல்லை.
'இதர' என்பதில் எழுதினேன்.

நடுவில் பதினோரு ஏக்கர் அடைக்கியுடையது.
புளியமரத்தடியில் லோடு ஏற்றுபவர்களிடம்
மூட்டைக்கணக்கில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.
எங்களைப் பார்த்ததும் சண்டையைப் பாதியில் விட்டாள்.
'தண்ணி எதுக்கு? ஆளுங்க குடிக்கவா?'
'மிஷினைக் குளுர வைக்க.'
'மிஷினுக்கு வேர்க்குமா?'
'வேர்க்காது. அதான் பிரச்சினையே.'

மோட்டாரைப் போட்டாள்.
எண்ணூற்று இருபது அடி.
முதலில் வெறும் காற்று.
பிறகு துரு.
பிறகு தண்ணீர், கை மொத்தத்துக்கு, பதினோரு நிமிடம்.
குழாய்மேல் உள்ளங்கையை வைத்திருந்தவள்
எதையோ கேட்டதுபோல் சட்டென்று நிறுத்தினாள்.
'போதும். உங்களுக்குக் காட்டத்தானே.'
மூன்று.

பெங்களூர் விடவில்லை.
மதுரைக்காரர்கள் குளித்த தண்ணீர் இருக்கிறதே,
சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவரலாம்,
ஐந்தாக்கு என்றது.
ஆக்கினேன்.
ஒரு நகரமே காலையில் தேய்த்துக் குளித்த அழுக்கு நீர்
இந்தக் கரட்டில் ஏறி
யாருடைய போட்டோக்களையோ குளிர்வித்து
ஆவியாகிப் போவதை
ஜீப் சன்னல் வழியே கொஞ்ச நேரம் பார்த்தேன்.

கடைசிக் கேள்வி:
கடலடிக் கேபிள் கரையேறும் இடத்துக்கு எவ்வளவு தூரம்?
சென்னை.
வெளிச்சம் போய்வர ஐந்து மில்லி விநாடி.
கண்ணை ஒருமுறை சிமிட்டுவதற்குள்
அறுபது தடவை போய்வரலாம்.

மூன்று வாரம் கழித்து வந்த பதிலில்
'நன்றி' என்பதற்கு அடுத்த வரி:
சென்னைக்கு வெளியே வேறோர் இடம்.
அங்கே புயல் வரும்,
டிசம்பரில் கார்கள் மிதக்கும்.
ஆனால் கேபிள் அங்கே, வாங்குகிறவர்கள் அங்கே,
மற்ற கம்பெனிகளும் ஏற்கெனவே அங்கே.
என் வகுப்பும் இதைத்தான் செய்தது,
இத்தனை கேள்விகள் இல்லாமல்.

அடைக்கி போன் செய்தாள்.
'ஏம்மா, எங்க ஊரு பெயிலா?'
'அஞ்சு மில்லி விநாடில போச்சுக்கா.'
'அது எம்புட்டு?'
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
'காலைல வர்ற ஏழரை பஸ்ஸு
தெனமும் முக்கா மணி நேரம் லேட்டு.
அதுக்கு எவனும் வந்து மார்க் போட்டதில்ல.'
வைத்துவிட்டாள்.

பாறையில் பியூலா அடித்த மஞ்சள் எண்
இன்னும் அழியவில்லையாம்: ஏழு.
மற்ற ஆறும் எங்கே என்று
ஆடு மேய்க்கிறவர்கள் தேடுகிறார்களாம்.